பேய்ப்படம் பார்த்தால் நிஜமாகவே பயம் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திகில் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் சும்மா, இந்தக் காலத்தில் யார் பயப்படுகிறார்கள்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அந்தப் படம் பார்த்து எனக்குத் தூக்கமே போச்சு" என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. திடுக்கிடுவது, திகிலோடு காத்திருப்பது, வீட்டுக்கு வந்த பிறகும் விடாமல் தொடர்வது என்று இதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை.

எல்லாம் நடிப்பு என்று தெரிந்தும் பயம் எப்படி வருகிறது?

நடிப்பு என்று புரிந்துகொள்வதும் பயப்படுவதும் மூளையில் ஒரே இடத்தில் நடக்கிற வேலைகள் அல்ல. கண்ணும் காதும் கொண்டுவரும் சேதியில் ஆபத்தின் சாயல் தெரிந்தாலே போதும், அமிக்டலா என்ற சிறு பகுதி உடம்பை உஷார்ப்படுத்திவிடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மயிர் சிலிர்க்கும். 'இது வெறும் படம்' என்று நிதானமாக யோசிக்கிற பகுதி கொஞ்சம் பின்னால்தான் வந்து சேர்கிறது. வந்த பிறகும் படபடப்பை அதனால் சட்டென்று அடக்க முடியாது. எழுந்து ஓடாமல் நாற்காலியில் உட்கார வைப்பதோடு அதன் அதிகாரம் முடிந்துவிடுகிறது.

அந்த அமிக்டலாவே இல்லாவிட்டால்? மருத்துவ ஆய்வுகளில் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு அமெரிக்கப் பெண்மணிக்கு, அரிய மரபு நோய் ஒன்றால் இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோயின. 2011இல் வெளியான ஆய்வுக்காக அவருக்குத் திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். படம் நன்றாக இருக்கிறது என்று ரசித்துப் பார்த்தார். அதில் ஒன்றை வாடகைக்கு எடுத்து முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டு அதன் பெயரையும் கேட்டுக்கொண்டார். பயம் மட்டும் வரவில்லை. பேய் வீடு ஒன்றுக்கு அழைத்துப்போனபோது, வேஷம் கட்டி நின்ற ஆளின் தலையை ஆர்வத்தோடு தொட்டுப் பார்க்க, மிரண்டது பேய்தான்.

ஆக, திரையில் இருக்கும் ஆபத்து பொய். உட்கார்ந்திருப்பவருக்கு வரும் பயம் பொய்யல்ல.

தூக்கிவாரிப் போடுகிறதே, அதுதானே பயம்?

இல்லை. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், இயக்குநர்கள் உட்பட.

எதிர்பாராத பெரும் சத்தம் கேட்டால் கண் சிமிட்டும், தோள் குறுகும், கழுத்து இழுத்துக்கொள்ளும். இது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல். கண் சிமிட்டல் சத்தம் வந்து ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் தொடங்கிவிடுகிறது. பயப்படலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அங்கே நேரமே கிடையாது. காதருகே பலூன் வெடித்தாலும் இதேதான் நடக்கும். அதற்காகப் பலூனைத் திகில் கலைஞன் என்று யாரும் சொல்வதில்லை.

இப்படித் திடீரென்று துள்ள வைக்கும் ஜம்ப் ஸ்கேர் என்கிற உத்திக்கு வயது எண்பதுக்கு மேல். 1942இல் வெளியான 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடந்து போகிறாள். பின்னால் ஏதோ தொடர்கிறது. காலடிச் சத்தம் நின்றுபோகிறது. சிறுத்தை பாயப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும் நொடியில் 'புஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. அங்கே அந்தச் சத்தம், அதற்கு முன் பொறுமையாகக் கட்டியெழுப்பிய திகிலின் உச்சத்தில் வருகிறது. இன்றைய பல படங்களில் முன்னால் எதுவும் இல்லை, சத்தம் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒன்று. பார்வையாளர் துள்ளுகிறார், உடனே சிரிக்கிறார், மறந்துவிடுகிறார்.

இதயத்துடிப்பை அளந்து 'உலகிலேயே பயங்கரமான படம்' என்று பட்டியல் போடுகிறார்களே?

சுவாரஸ்யமான விளம்பரம். அப்படி 2020இல் வந்த ஒரு பட்டியலில், சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 65 ஆக இருந்த சராசரித் துடிப்பு முதலிடம் பிடித்த படத்துக்கு 86 ஆனது. மாடிப்படி ஏறினாலே அதைத் தாண்டிவிடும். துடிப்பு ஏறுவது உடம்பு உஷாரானதைத்தான் காட்டும். பயமா, பரபரப்பா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காரணமா என்று அது சொல்லாது.

பின்னே, உண்மையான பயம் எங்கே வருகிறது?

காத்திருப்பதில். மேசைக்கு அடியில் வெடிகுண்டு என்று இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன உதாரணம் பழசுதான், ஆனால் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது குண்டு திடீரென்று வெடித்தால் நமக்குக் கிடைப்பது பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு முன்னாலேயே தெரிந்து, அந்த இருவருக்கும் தெரியாமல் இருந்தால் அதே அரட்டை பதினைந்து நிமிடத் தவிப்பாகிவிடும்.

ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில், திகில் படம் பார்ப்பவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். திகில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பகுதிகளின் செயல்பாடு கூடியது. ஆபத்து வெளிப்பட்ட கணத்திலோ, உணர்ச்சியையும் ஆபத்தை எடைபோடுவதையும் முடிவெடுப்பதையும் கவனிக்கும் பகுதிகள் முன்னுக்கு வந்தன. முதலில் சொன்ன நிலையைத் தியேட்டரிலேயே பார்க்கலாம். இருமல் நின்றுவிடும். பாப்கார்ன் எடுக்கப் போன கை பாதியில் நிற்கும். காதைத் தீட்டிக்கொண்டு நூறு பேர் ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குளியலறைக் கண்ணாடிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி முகம் கழுவுகிறாள். கண்ணாடி பொருத்திய அலமாரிக் கதவைத் திறக்கிறாள். திறந்த கதவு அறையின் ஒரு பக்கத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம், வெளியே கேட்ட வாகன இரைச்சல் எல்லாம் எப்போது அடங்கின என்று நாம் கவனித்திருக்க மாட்டோம். கேமரா நகராமல் நிற்கிறது. மாத்திரை டப்பாவை எடுக்கிறாள். கதவை மூடப் போகிறாள். மூடும்போது கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் யாரோ இருக்கப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் இதே காட்சியை எத்தனையோ படங்களில் பார்த்தாயிற்று. கெட்டிக்கார இயக்குநர் அங்கே எதையும் வைப்பதில்லை. கதவு மூடுகிறது, கண்ணாடியில் அவள் முகம் மட்டும். நாம் மூச்சு விடுகிறோம். அடுத்த காட்சியில் அவள் படுக்கையில், விளக்கணைத்த பிறகு... கடன் அப்படியே பாக்கி நிற்கிறது.

காட்டாமல் விட்டால்தான் அதிகப் பயமா?

பெரும்பாலும் ஆமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும் பொருந்தும். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா, உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவுக்குப் பதில் அது இழுத்துச் செல்லும் மஞ்சள் பீப்பாய்களையும், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கும் கேமராவையும், ஜான் வில்லியம்ஸின் இசையையும் வைத்துச் சமாளித்தார். சுறா முழு உருவத்தில் நன்றாகத் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. படம் பார்த்துவிட்டுக் கடலில் இறங்கத் தயங்கியவர்கள் அந்த ரப்பர் சுறாவை நினைத்துத் தயங்கவில்லை.

ஆனால் இதையே சாக்காக வைத்துக் கடைசிவரை ஒன்றையுமே காட்டாமல் முடிக்கும் படங்களும் வருகின்றன. மறைப்பதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் இருட்டுக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறோம்.

சத்தத்தைக் குறைத்துவிட்டால் பயம் போய்விடுமா?

பாதிக்கு மேல் போய்விடும். கண்ணைப் பொத்திக்கொள்வதைவிட மியூட் பட்டன் நல்ல கவசம். கண்ணை மூடினால் காது தொடர்ந்து கதை சொல்லிக்கொண்டே இருக்கும், அதுவும் இன்னும் மோசமான கதையாக.

மிரண்ட விலங்கின் அலறல் சீரான ஸ்வரமாக வராது, பிசிறடித்துக் கரகரக்கும். மர்மோட் என்ற கொறிவிலங்கின் அபாயக் குரல்களை ஆராய்ந்துவந்த டேனியல் ப்ளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர், தன் குழுவோடு 102 படங்களின் முக்கியக் காட்சிகளின் ஒலியை அலசி 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திகில் படங்கள் அப்படிப்பட்ட கரடுமுரடான ஒலிகளைத்தான் நாடுகின்றன என்பது தெரிந்தது. 1960இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், அவர் பேச்சைக் கேட்காமல் வயலின்களைக் கிறீச்சிட வைத்து எழுதிக் கொடுத்தார். கேட்டதும் ஹிட்ச்காக் மனத்தை மாற்றிக்கொண்டார். ஒருமுறை அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பயத்தில் ரத்தம் உறைந்துபோகும் என்பது உண்மையா?

சிரிக்காதீர்கள், இதையும் சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் லைடனில் ஆரோக்கியமான 24 பேருக்கு ஒரு திகில் படமும் ஒரு சாதுவான ஆவணப்படமும் வெவ்வேறு நாட்களில் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். உறைதலுக்கு உதவும் 'காரணி 8' என்ற புரதம், திகில் படத்தின்போது பாதிப் பேருக்கு மேல் உயர்ந்தது. ஆவணப்படத்துக்கு அப்படி உயர்ந்தது மூன்று பேருக்குத்தான். ரத்தக்கட்டி யாருக்கும் உண்டாகவில்லை. காயம் படப்போகிறது என்று உடம்பு முன்னேற்பாடு செய்துகொள்கிறது, அவ்வளவுதான். 2015 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. அந்த இதழ் ஆண்டுதோறும் அப்போது கொஞ்சம் குறும்பான ஆய்வுகளைப் போடும், ஆனால் அளவீடுகள் நிஜமானவை.

தியேட்டரில் மயங்கி விழுந்தார்கள் என்கிறார்களே, அது விளம்பரமா?

விளம்பரமும் உண்மையும் கலந்தது. வில்லியம் கேஸில் என்ற தயாரிப்பாளர் 1958இல் தன் படத்தைப் பார்த்துப் பயத்தில் யாராவது இறந்தால் ஆயிரம் டாலர் என்று லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு எடுத்து, பார்க்க வந்த அத்தனை பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார். அது கலப்படமில்லாத வியாபாரம்.

1973 டிசம்பர் 26 அன்று வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்' விஷயம் வேறு. மயங்கியவர்களும் வாந்தி எடுத்தவர்களும் நிஜமாகவே இருந்தார்கள். இதில் வேடிக்கை, பலருக்கு வயிற்றைப் பிரட்டியதாகச் சொல்லப்படுவது பேய் வரும் காட்சி அல்ல. மருத்துவமனையில், படத்தில் பேய் பிடித்த சிறுமியின் கழுத்தில் ஊசி செருக, ரத்தம் பீறிடும் பரிசோதனைக் காட்சி. ரத்தத்தையும் ஊசியையும் பார்த்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். அது பயத்துக்கு நேரெதிரான உடல் எதிர்வினை. பயத்தில் அழுத்தம் ஏறும்.

இதய நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த விஷயத்தில் வீராப்பு காட்டாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ரயில் வரும் படத்தைப் பார்த்து மக்கள் அலறி ஓடினார்களாமே?

1896இல் லூமியேர் சகோதரர்களின் ரயில் படத்தைப் பற்றிய கதை. அப்படி ஒரு கலவரம் நடந்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை என்று ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் லாய்பர்டிங்கர் காட்டியிருக்கிறார். நல்ல கதை என்பதால் சாகாமல் இருக்கிறது.

பயமாக இருக்கிறது என்றால் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?

இரண்டு விளக்கங்கள் எனக்கு ஏற்புடையவை. 1970களில் டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் சொன்னது ஒன்று. பயத்தில் ஏறிய படபடப்பு, ஆபத்து தீர்ந்ததும் உடனே இறங்குவதில்லை. மீந்து நிற்கும் அந்த வேகம், தப்பித்த நிம்மதியையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. படம் முடிந்து வெளியே வரும் கூட்டம் ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசிச் சிரிக்கிறது என்பதற்கு இது பொருத்தமான காரணம்.

மற்றொன்று அளவு பற்றியது. டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேரின் இதயத்துடிப்பையும் அனுபவத்தையும் பதிவுசெய்து 2020இல் வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தவர்களும் ரசிக்கவில்லை, மிஞ்சிப்போனவர்களும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. 'எனக்குப் பிடித்த படம் உனக்கு ஏன் பிடிக்கவில்லை' என்று நண்பர்கள் அடித்துக்கொள்வதில் பாதி இந்த அளவு பற்றிய சண்டைதான்.

எனக்குப் பயமே வரவில்லை. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. பகல் வெளிச்சத்தில், மொபைல் திரையில், நடுநடுவே மெசேஜ் பார்த்துக்கொண்டு பார்த்தால் எந்தப் பேயும் தோற்றுப்போகும். நிறையப் படம் பார்த்தவருக்கு உத்திகள் பழகிவிடும், இசை ஏறும்போதே எண்ண ஆரம்பித்துவிடுவார்.

உங்களுக்கு உரிய பயத்தை நீங்கள் இன்னும் பார்க்காமலும் இருக்கலாம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கிலிருந்து அச்சம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். இன்றைய திகில் படங்களை வகைப்படுத்த இதைவிடச் சுருக்கமான பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை. பேய்ப்படம், கொடும்பிராணிப் படம், கொலைகாரன் படம் மூன்றும் வந்துவிட்டன. நான்காவது, அதிகாரம் உள்ளவரிடம் வரும் அச்சம். பேயைக் கண்டு சிரிக்கிற பலரும், காரணம் சொல்லாமல் வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரியின் முன் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். கடவுள் நம்பிக்கையோ பேய் நம்பிக்கையோ இல்லாதவர்கள் அந்த வகைப் படங்களில் ஆரம்பிக்கலாம்.

'உண்மைச் சம்பவம்' என்று போட்டால் கூடுதல் பயமா?

ஆமாம், அதனால்தான் கூசாமல் போடுகிறார்கள். 1999இல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தபோது, காட்டில் காணாமல்போன மாணவர்கள் எடுத்த நிஜப் பதிவு என்று இணையதளம் அமைத்துப் பரப்பினார்கள். நம்பிப் பார்த்தவர்களுக்கும் தெரிந்து பார்த்தவர்களுக்கும் அது ஒரே படமாக இருந்திருக்காது. 'நடிப்புதானே' என்ற கைப்பிடியைப் பிடுங்கிக்கொள்வதுதான் அந்த ஒற்றை வரியின் வேலை.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

இதில் நான் கறார். வேண்டாம்.

சின்னக் குழந்தை பயப்படுவது தோற்றத்துக்கு. ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தொலைக்காட்சியில் நல்லவனான நாயகன் பச்சை ராட்சசன் ஹல்க்காக மாறும் காட்சிக்குச் சின்னக் குழந்தைகள் நடுங்கியதை அவர் பதிவுசெய்திருக்கிறார். உள்ளே இருப்பது அதே நல்லவன்தான் என்பது அந்த வயதில் பிடிபடாது. அதனால் "இது பொய்டா கண்ணா" என்ற சமாதானமும் எடுபடாது. மடியில் வைத்துக்கொள்வது, வேறு விளையாட்டுக்குத் திருப்புவது எடுபடும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் நிலைமை தலைகீழ். தோற்றம் மிரட்டாது, 'இது நமக்கும் நடக்குமா' என்ற எண்ணம் மிரட்டும்.

கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதிலோ பதின்வயதிலோ படமோ நிகழ்ச்சியோ பார்த்துப் பயந்த அனுபவத்தைக் கல்லூரி மாணவர்களில் 90 சதவீதம் பேர் நினைவுகூர்ந்தார்கள். அந்தப் பதற்றத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது என்றவர்கள் 26 சதவீதம். 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' என்ற நாடகம், நேரடி ஒளிபரப்பு போலவே எடுக்கப்பட்டது. அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர்கள் இருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் பின்னர் பதிவுசெய்தார்கள். தியேட்டருக்கு வெளியே தொடர்கிற மூன்றாவது வகைப் பயம் என்று மேலே சொன்னது இதைத்தான். குழந்தைகளிடம் அது எளிதில் போவதில்லை.

நிறையப் பார்த்தால் தைரியம் வருமா?

கோவிட் காலத்தில் திகில் பட ரசிகர்கள் மற்றவர்களைவிட மனத்தளவில் குறைவாகத் தவித்தார்கள் என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. படம் பார்த்ததால் தெம்பு வந்ததா, தெம்பு உள்ளவர்கள்தான் அந்தப் படங்களை நாடுகிறார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

பார்த்துத் தொலைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

படுக்கையில் புரண்டுகொண்டு அந்தப் படத்தின் முடிவுக்கு விளக்கம் தேடாதீர்கள், அது இன்னொரு ஆட்டம் பார்ப்பதற்குச் சமம். உடம்பில் ஏறிய வேகம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எழுந்து விளக்கைப் போட்டு, ஏற்கெனவே பலமுறை பார்த்த நகைச்சுவைக் காட்சி எதையாவது ஓடவிடுங்கள். படம் உருவான விதம் பற்றிய வீடியோ இருந்தால் பார்க்கலாம். பேய்க்கு மேக்கப் போடும்போது அது டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தெளிந்துவிடும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, தனியே இருக்கவே முடியாமல் போனாலோ, வெட்கப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.